நான்கு பையன்களும் ஒரு நீர்மூழ்கி யந்திரமும்

செக் தேசத்து நாடகாசிரியர் காரெல் சாபெக் என்பவர் 1920-ஆம் ஆண்டில் ஒரு நாடகம் எழுதி வெளியிட்டார். மனிதனுக்காக இரவு பகல் பாராமல் உழைக்கும் செயற்கை மனிதர்களைப் பற்றிய கதை அது. அந்தச் செயற்கை மனிதர்களுக்கு அவர் சூட்டிய பெயர்தான் இன்று உலகம் முழுவதும் வழங்கும் "ரோபோ" என்னும் சொல். செக் பாஷையில் "ரோபோதா" என்றால் கட்டாய ஊழியம் என்று பொருள். கூலியின்றி எஜமானனுக்கு உழைக்கவேண்டிய குடியானவனின் வேலைக்கு அந்தப் பெயர் இருந்தது.

நாடகத்து ரோபோவுக்கு மனித உருவம் உண்டு. தொழிற்சாலைகளிலும் கடலடியிலும் இன்று வேலை செய்யும் ரோபோக்களில் பெரும்பாலானவற்றுக்கு முகமும் கிடையாது, காலும் கிடையாது. சுற்றுப்புறத்தை அறிய ஒரு கருவி, அறிந்ததைக் கொண்டு கட்டளையிட ஒரு மின்சார மூளை, கட்டளையை நிறைவேற்ற ஒரு மோட்டார் ஆகிய மூன்றும் கூடினால் அது ரோபோ ஆகிவிடுகிறது. இந்த மூன்றையும் கூட்டிவைக்கும் வித்தையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது இப்போது பல தேசங்களில் நடைபெற்று வருகிறது. பணக்காரப் பள்ளிகளில் அது நடப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தோட்ட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போகிறவர்களுடைய பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் விடை கூறுகிறது. அந்த விடையில் பாதி இனிப்பு, பாதி கசப்பு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாலைவனத்துப் பள்ளிக்கூடம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கு மூலையில், மெக்ஸிகோ தேசத்தின் எல்லையை ஒட்டி இருப்பது அரிஸோனா மாகாணம். அதன் தலைநகரமான பீனிக்ஸ் பாலைவனத்தின் நடுவே அமைந்தது. கோடையில் அங்கே அடிக்கும் வெயிலுக்கு முன் நமது வேலூர் வெயில் சற்றுக் கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டியதுதான். கடல் அங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் இருக்கிறது.

அந்நகரின் மேற்குப் பகுதியில் கார்ல் ஹேடன் ஹைஸ்கூல் என்றொரு பொதுப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டில் ஸ்பானிஷ் பாஷை, பள்ளியில் ஆங்கிலம். பெற்றோர்கள் பிறருடைய தோட்டத்தைச் சீராக்குவார்கள். பிறருடைய அறைகளைப் பெருக்குவார்கள். பிறருடைய வீடுகளைக் கட்டுவார்கள். பிள்ளைகளும் வயது வந்ததும் அதே வேலைகளுக்குப் போவார்கள் என்றுதான் ஊரார் நினைத்தார்கள். பிள்ளைகளிலும் பலர் அப்படியே நினைத்தார்கள்.

இவர்களில் ஒரு சாராருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அமெரிக்காவில் வசிப்பதற்குரிய அனுமதிச் சீட்டு அவர்களிடம் கிடையாது. சிறு குழந்தைகளாக இருக்கும்போதே பெற்றோர் அவர்களை எல்லை தாண்டி அழைத்து வந்துவிட்டார்கள். இத்தகைய குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியில் இலவசக் கல்வியை மறுக்கக்கூடாது என்று அமெரிக்கப் பிரதம நீதிமன்றம் 1982-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதனால் பள்ளிக்கூடத்தின் கதவு அவர்களுக்குத் திறந்திருந்தது. அதற்கு அப்பால் உள்ள கதவுகளைப் பற்றி அந்தத் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரையில் சர்க்காரே படிக்க வைக்கும். அதற்கு மறுநாள் காலையில் அந்தப் பையன் சட்டத்தின் பார்வையில் வேலைக்கும் லாயக்கில்லாதவன், சைன்யத்துக்கும் லாயக்கில்லாதவன் ஆகிவிடுவான். இந்த விசித்திரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கதையின் பிற்பகுதிக்கு இது வேண்டியிருக்கும்.

இரண்டு உபாத்தியாயர்கள்

கார்ல் ஹேடன் பள்ளியில் ஆலன் கேமரான் என்பவர் கணக்கிடும் யந்திர சாஸ்திரம், அதாவது கம்ப்யூட்டர் வித்தை, கற்பித்து வந்தார். பிரெடி லஜ்வர்டி என்பவர் விஞ்ஞான ஆசிரியர். ஈரானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். மாணவர்களைக் கொண்டு மின்சார மோட்டார் வண்டிகள் செய்வித்துப் பந்தயங்களுக்கு அழைத்துச் சென்ற அனுபவம் அவருக்கு உண்டு. இருவரும் சேர்ந்து பள்ளி நேரம் முடிந்த பிறகு ரோபோ செய்யும் கழகம் ஒன்றை நடத்தினார்கள்.

கலிபோர்னியா மாகாணத்திலுள்ள மான்டரே என்னும் ஊரில் கடல்சார் தொழில்நுட்பக் கல்விக்கென்று ஒரு நிலையம் உண்டு. அதை "மேட்" நிலையம் என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். கடலுக்கடியில் சென்று வேலை செய்யும் யந்திரங்களை மாணவர்களே அமைத்து ஓட்டிக் காட்டும் பந்தயம் ஒன்றை அந்நிலையத்தார் ஆண்டுதோறும் நடத்தி வந்தார்கள். 2004-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு நாஸா என்னும் ஆகாய ஆராய்ச்சி ஸ்தாபனமும், அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி இலாகாவும் ஆதரவு அளித்தன.

பந்தயத்தில் இரண்டு பிரிவுகள். ஒன்று ஹைஸ்கூல் மாணவர்களுக்கு. மற்றொன்று பெரும்பாலும் காலேஜ் மாணவர்களுக்காக ஏற்பட்ட கடினமான பிரிவு. உபாத்தியாயர்கள் இருவரும் தங்கள் பையன்களைக் கடினமான பிரிவில் சேர்த்தார்கள்! இதற்கு அவர்கள் கண்ட நியாயம் வேடிக்கையானது. சம வயதுப் பையன்களிடம் தோற்றால் மனம் உடைந்துபோகும். பெரிய பெரிய சர்வகலாசாலைகளிடம் தோற்றால் அவமானம் ஒன்றும் இல்லை. தோற்பது நிச்சயம் என்று தீர்மானித்த பிறகு, கௌரவமான இடத்தில் தோற்பதுதானே புத்திசாலித்தனம்?

நால்வர்

கழகத்தில் வந்து சேர்ந்த நான்கு பையன்களின் பெயர்கள் பிற்பாடு புத்தகத்திலும் சினிமாவிலும் பிரசித்தமாகிவிட்டன.

முதலாவது, ஆஸ்கார் வாஸ்கெஸ். பள்ளியிலுள்ள சைன்யப் பயிற்சிப் படையில் சிறந்து விளங்கியவன். பெரியவன் ஆனதும் சிப்பாயாக வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை. அனுமதிச் சீட்டு இல்லாதவனைச் சைன்யத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்ததும் அந்த ஆசை இடிந்து விழுந்தது. வேறு எதிலாவது தன் திறமையைக் காட்டவேண்டும் என்று இந்தக் கழகத்துக்கு வந்தான். தலைவனுக்குரிய குணங்கள் அவனிடம் இருந்தன.

இரண்டாவது, கிறிஸ்டியன் அர்சேகா. புத்தகப் புழு. சக்கரத்தின்மேல் நிற்கும் வண்டி வீடு ஒன்றின் பக்கத்தில் ஒட்டுப்பலகையால் அடைத்த ஒரு சிறு அறைதான் அவனுடைய இருப்பிடம். கணக்கும் பௌதிகமும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மூன்றாவது, லொரென்ஸோ சாந்திலான். ரௌடிக் கும்பலோடு போய்ச் சேர இருந்தவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். கோபக்காரன்; ஆனால், கார் ரிப்பேர் செய்பவர்களின் அருகில் நின்று பார்த்துப் பார்த்தே ஆயுதங்களைக் கையாளக் கற்றுக்கொண்டவன். எவருக்கும் தோன்றாத யோசனை அவனுக்குத் தோன்றும்.

நான்காவது, லூயிஸ் அரான்டா. ஆறடி உயரம், அதற்கேற்ற பருமன், அதிகம் பேசாத சுபாவம். பள்ளி நேரம் போக உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்தான். பாரமான யந்திரத்தை நீரில் இறக்கவும் ஏற்றவும் அவனுடைய புஜபலம் வேண்டியிருந்தது.

இந்த நால்வரையும் பரீட்சை மார்க்கை வைத்துப் பொறுக்கியிருந்தால் ஒருவன்தான் தேறியிருப்பான். ரோபோ செய்யும் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. கணக்குப் போடுகிறவன் வேண்டும், ஆணி அடிக்கிறவன் வேண்டும், எல்லோரையும் ஒழுங்காக வேலை வாங்குகிறவன் வேண்டும், தூக்குகிறவனும் வேண்டும். ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாது என்பதால் ஒருவரையொருவர் மதித்தே ஆக வேண்டும்.

குழாயில் செய்த யந்திரம்

பந்தயத்தின் நிபந்தனைகள் சுலபமானவை அல்ல. நீச்சல் குளத்தின் அடியில் உடைந்துபோன நீர்மூழ்கிக் கப்பல் போன்ற ஒன்றை அமைத்திருப்பார்கள். மாணவர்களின் யந்திரம் அதைச் சுற்றிச் சென்று, ஆழத்தை அளப்பது, ஒலி எழுப்பும் கருவியைத் தேடி எடுப்பது, பீப்பாயிலிருந்து திரவத்தை உறிஞ்சி வருவது முதலிய ஏழு காரியங்களைச் செய்து முடிக்க வேண்டும். ஓட்டுகிறவர்கள் குளத்தைப் பார்க்கக்கூடாது. யந்திரத்தில் பொருத்திய காமிராக்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தே ஓட்ட வேண்டும்.

பையன்களிடம் இருந்த மூலதனம் சுமார் 800 டாலர். ஊரிலுள்ள வியாபாரிகளிடமும் தெரிந்தவர்களிடமும் கேட்டுச் சேர்த்த பணம் அது. எதிர்க் கட்சிகளில் ஒன்று உலகப் பிரசித்தி பெற்ற மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலை. அதன் கோஷ்டியில் பன்னிரண்டு மாணவர்கள். சேர்ந்திருந்த நன்கொடை சுமார் 11,000 டாலர். ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியும் அவர்களுக்கு ஆதரவு அளித்திருந்தது.

உலோகத்தில் சட்டம் அமைக்கப் பணம் இல்லை. ஆகையால் வீடுகளில் தண்ணீர் கொண்டுவரப் பதிக்கிறோமே, அந்த பி.வி.ஸி. குழாய்களையே வெட்டி ஒட்டிச் சட்டம் செய்தார்கள். குழாய்க்குள் காற்று இருக்கும். காற்று அடைத்த பொருள் நீரில் மிதக்கும் என்பது நமக்குத் தெரியும். குளத்தில் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகும் குழந்தைக்கும் தெரியும். குழாய்களுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கிறிஸ்டியன் கணக்கிட்டுப் பார்த்தான். யந்திரம் அடியில் போவதற்கு எடை போதாது என்று உடனே விளங்கிவிட்டது.

எடைக்குக் கல்லோ ஈயமோ கட்டலாம். கிறிஸ்டியன் அதைவிடத் துணிச்சலான ஒரு யோசனை சொன்னான். மின்சாரம் தரும் பாட்டரியையே நீர் புகாத பெட்டியில் வைத்து யந்திரத்தின் மேல் ஏற்றிவிடலாம் என்றான். பாட்டரி கரையில் இருந்தால் அதிலிருந்து யந்திரத்துக்குக் கனமான கம்பி போகவேண்டும். அந்தக் கம்பி நாய்க்குக் கட்டிய சங்கிலியைப்போல யந்திரத்தைப் பின்னுக்கு இழுக்கும். பாட்டரி உடன் சென்றால் மெல்லிய கம்பி போதும். யந்திரம் இஷ்டப்படி திரும்பலாம். எடைக்கு எடையும் ஆயிற்று. இதில் அபாயமும் இருந்தது. பெட்டியில் ஒரு சொட்டு நீர் புகுந்தாலும் எல்லாம் பாழாகிவிடலாம். பெரிய கோஷ்டிகளில் அநேகர் அந்த அபாயத்துக்கு அஞ்சிப் பாட்டரியைக் கரையிலேயே வைத்திருந்தார்கள். நீர் புகாமல் ஒரு பெட்டியை அடைக்கத் தெரியாதவர்கள் நீர்மூழ்கிப் பந்தயத்துக்கு வருவானேன் என்பது கிறிஸ்டியனுடைய வாதம்.

மற்றொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்பதற்கு இந்தப் பையன்கள் வெட்கப்படவில்லை. பெரிய பெரிய கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கு டெலிபோன் செய்து, இன்ன காரியத்துக்கு என்ன கருவி வேண்டும், அதை எப்படி உபயோகிப்பது என்று நிபுணர்களையே விசாரித்தார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. உண்மையான ஆவலுடன் யாராவது கேட்டால் அவர்களால் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியாது. பலர் யோசனை சொன்னார்கள்; சிலர் கருவிகளைக் கொடுத்தும் உதவினார்கள்.

மீன் பிடிக்கும் படகுகளில் பொருத்தும் சிறு மின்சார மோட்டார்களைக் கொண்டு யந்திரத்துக்கு உந்து சக்தி கொடுத்தார்கள். எந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்று அடையாளம் தெரிவதற்காகச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வர்ணம் பூசினார்கள். குழாய் ஒட்டும் பசையின் நாற்றம் சகிக்க முடியவில்லை. அதனால் யந்திரத்துக்கு "ஸ்டிங்கி" என்று பெயர் வைத்தார்கள். தமிழில் "நாற்றக்காரன்" என்று சொல்லலாம்.

குளக்கரையில் சோதனை

ஜூன் மாதத்தில் ஸான்டா பார்பரா என்னும் கடற்கரை நகரத்திலுள்ள சர்வகலாசாலையில் பந்தயம் நடந்தது. சுற்றிலும் பளபளக்கும் உலோக யந்திரங்கள். அவற்றின் நடுவே நாற்றக்காரனை வைத்தபோது, திருவிழாத் தேர்களின் நடுவே குழந்தைகளின் சப்பரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் இருந்திருக்கும்.

ஒத்திகையிலேயே ஆபத்து வந்துவிட்டது. நீர் புகாது என்று நம்பிய பெட்டியில் நீர் கசிந்திருந்தது. உள்ளே தலைமயிர் போன்ற கம்பிகளின் இணைப்புக்களும் கெட்டுப்போயிருந்தன. புதுப் பெட்டி வாங்க நேரம் இல்லை. கசியும் துவாரத்தை அடைக்க முடியாவிட்டால் கசிந்து வரும் நீரையாவது எதனாலாவது உறிஞ்சிவிடவேண்டும் என்று லொரென்ஸோவுக்குத் தோன்றியது. சிறிய இடத்தில் அடங்க வேண்டும். அதிகமான ஈரத்தை உறிஞ்ச வேண்டும். அத்தகைய பொருள் எது? மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் உபயோகிக்கும் பஞ்சுச் சுருள் அந்தக் காரியத்துக்கென்றே செய்யப்பட்டதல்லவா? லொரென்ஸோ கூச்சத்துடன் கடைக்குச் சென்று, அங்கிருந்த ஒரு பெண்மணியிடம் விஷயத்தைச் சொல்லி, எது நன்றாக உறிஞ்சும் என்று விசாரித்து வாங்கி வந்தான். அன்றிரவு ஆஸ்காரும் அவனும் நெடுநேரம் கண் விழித்து ஒவ்வொரு கம்பியாக மறுபடியும் பற்றவைத்தார்கள்.

மறுநாள் நாற்றக்காரன் நீரில் இறங்கினான். மூழ்கினான், திரும்பினான், அளந்தான். பீப்பாயிலிருந்து திரவத்தை எடுக்கும் வேலைதான் எல்லோருக்கும் சிம்மசொப்பனமாக இருந்தது. சிறிய துவாரத்துக்குள் குழாயைச் சரியாக நுழைக்க வேண்டும்; கை சற்று அசைந்தாலும் தவறிவிடும். பையன்கள் வளைந்த செப்புக் குழாய் ஒன்றையும், படகிலிருந்து நீர் இறைக்கும் சிறு பம்பு ஒன்றையும், குழந்தைகள் ஊதி விளையாடும் ரப்பர் பலூன் ஒன்றையும் சேர்த்து இதற்கென்று ஓர் உறுப்புச் செய்திருந்தார்கள். காசு பெறாத அந்தப் பலூன் நிறையத் திரவத்துடன் நாற்றக்காரன் கரை சேர்ந்தான். பெட்டிக்குள் இருந்த பஞ்சும் தன் கடமையைச் செய்துவிட்டது.

நீருக்குள் செய்த வேலைகளில் கார்ல் ஹேடன் பையன்களுக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். அதற்கே அவர்கள் ஆகாயத்தில் பறந்திருப்பார்கள். ஆனால், பந்தயம் அத்துடன் முடியவில்லை.

நிபுணர்களின் முன்னால்

யந்திரத்தை ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. அது எப்படி வேலை செய்கிறது என்று நிபுணர்களுக்கு விளக்கவும் வேண்டும். அதைப் பற்றி விவரமான அறிக்கையும் எழுதித் தர வேண்டும். உபாத்தியாயரோ பெரிய எஞ்சினீயரோ மறைந்திருந்து செய்துகொடுத்த யந்திரமானால், இந்த இடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நாஸாவையும் கடற்படை இலாகாவையும் சேர்ந்த நிபுணர்கள் கேள்விமேல் கேள்வி போட்டார்கள். தூரத்தை அளக்கும் லேஸர் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். காற்றில் அளப்பதற்காகச் செய்த கருவி அது. நீருக்குள் ஒளியின் வேகம் குறைந்துவிடும். ஆகையால் கருவி காட்டும் எண்ணைத் திருத்தாமல் எடுத்துக்கொண்டால் தவறாகும். ஒளி நீரில் வளையும் அளவைக் கொண்டு தாங்கள் சுமார் நூற்றுக்கு முப்பது திருத்திக்கொண்டதாகக் கிறிஸ்டியன் விளக்கினான். திரையில் படங்கள் காட்டி விளக்காமல் வெறும் வாயால் பேசுகிறீர்களே என்று கேட்டபோது, சொல்ல வேண்டியது தெரிந்திருப்பதால் படம் தேவையில்லை என்னும் கருத்துப்படப் பணிவுடன் பதில் சொன்னான். நால்வரும் முறை போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். ஒருவனிடம் கேட்ட கேள்விக்கு இன்னொருவன் திருதிருவென்று விழிக்கவில்லை.

அன்று இரவு பரிசுகளை அறிவித்தார்கள். அமைப்பின் நேர்த்திக்கான பரிசு, கார்ல் ஹேடன் பள்ளிக்கு. சிறந்த தொழில்நுட்ப அறிக்கைக்கான பரிசு, அதுவும் கார்ல் ஹேடன் பள்ளிக்கு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பையன்கள் எழுதிய ஆங்கில அறிக்கை அது! கடைசியாக எல்லா அம்சங்களிலும் சேர்த்து மூன்றாவது, இரண்டாவது, முதலாவது இடங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். மூன்றாவது, வட கரோலினாவிலுள்ள கேப் பியர் காலேஜ். இரண்டாவது, மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலை. முதலாவது, கௌரவமாகத் தோற்பதற்காக வந்த நான்கு பையன்கள்.

பரிசுக்கு அடுத்த நாள்

கதை இங்கே முடிந்தால் நமக்கெல்லாம் திருப்தியாயிருக்கும். 2015-ஆம் ஆண்டில் இந்தச் சம்பவத்தை வைத்து எடுத்த சினிமாவின் மகுடம் இந்த வெற்றிதான். ஆனால், கல்வியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கவனிக்கவேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

வெற்றிக்கு அடுத்த மாதம் இந்த நால்வரையும் எந்தச் சர்வகலாசாலையும் வந்து அழைத்துச் செல்லவில்லை. உபகாரச் சம்பளமும் காத்திருக்கவில்லை. 2005-ஆம் ஆண்டில் ஜோஷுவா டேவிஸ் என்னும் பத்திரிகையாளர் "வயர்ட்" பத்திரிகையில் இவர்களைப் பற்றி எழுதிய பிறகுதான் விஷயம் நாட்டுக்குத் தெரிந்தது. படித்தவர்கள் மனம் இளகிப் பண உதவி செய்தார்கள். அதைக் கொண்டு படிப்புக்கு வழி பிறந்தது.

கிறிஸ்டியனும் ஆஸ்காரும் அரிஸோனா ராஜ்யச் சர்வகலாசாலையில் எஞ்சினீயரிங் படிக்கச் சேர்ந்தார்கள். 2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அரிஸோனா மாகாணத்து வாக்காளர்கள் "300-ஆவது யோசனை" என்னும் ஒரு சட்டத்துக்குப் பெருவாரியான வோட்டுகள் அளித்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாத மாணவர்கள் மாகாணவாசிகளுக்குரிய குறைந்த சம்பளத்தில் படிக்கக்கூடாது, சர்க்கார் உதவியும் பெறக்கூடாது என்பது அந்தச் சட்டம். நான்கு வயதிலிருந்து அரிஸோனாவில் வளர்ந்தவனாக இருந்தாலும் அயல் மாகாணத்தான் செலுத்தும் சம்பளத்தைச் செலுத்தியே தீரவேண்டும். அது பல மடங்கு அதிகம். கிறிஸ்டியனால் செலுத்த முடியவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். நீருக்குள் ஒளியின் வேகத்தைக் கணக்கிட்டு நிபுணர்களைத் தலையசைக்க வைத்த அதே கிறிஸ்டியன்தான்.

லொரென்ஸோ சமையற்கலை பயின்றான். பிறகு அவனும் லூயிஸும் சேர்ந்து விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் தொடங்கினார்கள். அந்தத் தொழிலுக்கு அவர்கள் ஸ்பானிஷ் பாஷையில் வைத்த பெயருக்கு "இந்த ஊரும் அல்ல, அந்த ஊரும் அல்ல" என்று அர்த்தம். ஒரு தலைமுறையின் வரலாற்றையே பெயர்ப் பலகையில் எழுதிவிட்டார்கள் என்று சொல்லவேண்டும்.

ஆஸ்கார் மட்டும் விடாப்பிடியாகப் படித்து 2009-ஆம் ஆண்டில் யந்திர எஞ்சினீயரிங்கில் பட்டம் பெற்றான். அவ்வாண்டுப் பட்டமளிப்பு விழாவில் பேசியவர் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா. ஆனால், அனுமதிச் சீட்டு இல்லாத எஞ்சினீயரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? சட்டப்படி விண்ணப்பம் செய்து முறையாகத் திரும்பி வரலாம் என்று எண்ணி, அமெரிக்கப் பிரஜையான மனைவியையும் குழந்தையையும் விட்டுத் தானாகவே மெக்ஸிகோவுக்குப் போனான். 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே அவன்மேல் பாய்ந்தது. வயது வந்தபின் ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி வசித்துவிட்டு வெளியேறியவன் பத்தாண்டு காலம் திரும்பி வரக்கூடாது என்பது அதன் விதி. ஒழுங்காக நடக்கவேண்டும் என்று நினைத்தவனுக்குக் கிடைத்த தண்டனை இது!

இல்லினாய் மாகாணத்துப் பிரதிநிதியான டிக் டர்பின், செனட் சபையில் ஆஸ்காருடைய வரலாற்றை எடுத்துப் பேசினார். 2010-ஆம் ஆண்டில் விதிவிலக்குக் கிடைத்து ஆஸ்கார் அமெரிக்காவுக்குத் திரும்பினான். திரும்பியவன் முதற் காரியமாக என்ன செய்தான்? சிறு வயது ஆசையை மறக்காமல் சைன்யத்தில் சேர்ந்தான். பிரஜா உரிமை பெற்றான். ஆப்கானிஸ்தானத்தில் யுத்த களத்தில் சேவை செய்தான். வேண்டாம் என்று தள்ளிய தேசத்துக்காகவே துப்பாக்கி ஏந்தினான்.

யந்திரம் கற்றுக்கொடுத்தது

ஏழைப் பிள்ளைகளுக்கு இத்தகைய வித்தைகளைக் கற்பிப்பதற்கு இப்போது பலரும் முன்வருகிறார்கள். பெட்டி பெட்டியாகக் கருவிகள் வாங்கித் தருகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், பரிசளிப்பு விழாவும் நடத்துகிறார்கள். அவை வேண்டியவைதான். ஆயினும் கார்ல் ஹேடன் பையன்களின் வரலாற்றைப் பார்க்கும்போது வேறு இரண்டு விஷயங்கள் மனத்தில் நிற்கின்றன.

ஒன்று, யந்திரத்தின் பாரபட்சமின்மை. பற்றவைத்த இணைப்பு நன்றாக இருந்தால் மோட்டார் சுழலும், இல்லாவிட்டால் சுழலாது. பற்றவைத்தவன் யாருடைய மகன், எந்தத் தெருவில் இருக்கிறான், எந்தச் சீட்டு வைத்திருக்கிறான் என்று மோட்டார் விசாரிப்பதில்லை. பிறந்தது முதல் ஒவ்வொரு வாசலிலும் விசாரிக்கப்பட்டே பழகிய பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அவ்விதம் விசாரிக்கப்படாதவர்கள் அறிவது கஷ்டம். லேசான வேலையைக் கொடுத்து "சபாஷ்" சொல்லாமல், காலேஜ் மாணவர்களுக்குரிய கடினமான வேலையையே கொடுத்ததில்தான் அந்த இரு உபாத்தியாயர்களின் பெருமை இருக்கிறது. அவர்கள் விளையாட்டாகச் சொன்ன காரணம் எதுவாயிருந்தாலும், கொடுத்த மரியாதை உண்மையானது.

மற்றொன்று, கற்பித்தவர்களின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பது. இந்த வரலாற்றில் எளிதாக முடிந்த பாகம் ரோபோ செய்தது! 800 டாலரும், சில மாதங்களும், இரண்டு ஆசிரியர்களின் சாயங்கால நேரமும் அதற்குப் போதுமாயிருந்தன. அதன் பிறகு அந்த அறிவுக்கு ஓர் இடம் தேடிக்கொடுப்பதுதான் பணத்தாலும் பரிசாலும் முடியாமற் போயிற்று. அதற்குப் பிரஜைகள் தங்கள் வோட்டால் விடை சொல்லவேண்டியிருந்தது.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அரிஸோனா வாக்காளர்கள் மறுபடியும் வோட்டளித்தார்கள். மாகாணத்தின் ஹைஸ்கூலில் இரண்டாண்டுகளேனும் படித்துத் தேறியவர்கள், அனுமதிச் சீட்டு இல்லாதவர்களாயினும், மாகாணவாசிகளுக்குரிய சம்பளத்திலேயே காலேஜில் படிக்கலாம் என்னும் "308-ஆவது யோசனை" சொற்ப வித்தியாசத்தில் நிறைவேறியது. 2006-ஆம் ஆண்டில் அவர்களே பூட்டிய கதவை அவர்களே திறக்கப் பதினாறு வருஷம் ஆயிற்று.

அந்தப் பதினாறு வருஷத்தில் எத்தனை கிறிஸ்டியன்கள் அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்து முடித்து வெளியே வந்தார்களோ! அவர்கள் செய்யாமல் விட்ட யந்திரங்களை யாரும் எந்தக் குளத்திலும் இறக்கிக் காட்டப்போவதில்லை.